ஃபுல்பேக்குக்கு என்ன விலை?

அரியலூர்னா வெளியூர்க்காரங்களுக்கு மூணு விஷயம் ஞாபகம் வரும்: சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரி, 1956 ரயில் விபத்து. பக்கத்துல இருக்கற பெரம்பலூர்னா சின்ன வெங்காயம், மக்காச்சோளம், அப்புறம் சென்னை போற வழியில பஸ் நிக்கற இடம். ஒரே மாவட்டமா இருந்து, பிரிஞ்சு, சேர்ந்து, 2007ல மறுபடி பிரிஞ்ச பங்காளிங்க இந்த ரெண்டு ஊரும். இந்த லிஸ்ட்ல ஹாக்கி எங்கயும் கிடையாது. 2022 மே 23 வரைக்கும் கிடையாது.

அன்னிக்கு ஜகார்த்தாவுல ஆசியக் கோப்பை, இந்தியா - பாகிஸ்தான். அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் இந்திய சீனியர் அணிக்கு ஆடற முதல் மேட்ச். முதல் கால்மணி நேரத்துக்குள்ளயே கோல். மேட்ச் 1-1னு டிரா. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல சென்னையில நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயிச்ச அணியிலயும் இருந்தார். 2024 அக்டோபர்ல ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தப்ப தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அவரை எடுத்துச்சு.

"ஏலம்", "எடுத்துச்சு". இந்த ரெண்டு வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

நம்ம பக்கம் ஏலம்னா ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல பருத்திக்கு நடக்கறது. வியாபாரிங்க வருவாங்க, மூட்டையில கை விட்டுப் பார்ப்பாங்க, விலை சொல்லுவாங்க. பருத்தி எதுவும் சொல்லாது. கொண்டு வந்த விவசாயியாவது கட்டுப்படி ஆகலைன்னா மூட்டையைத் திருப்பி ஏத்திட்டு வீட்டுக்குப் போகலாம். ஹாக்கி ஆடறவன் இதுல பருத்தியா, விவசாயியா? அவன் என்னிக்காவது ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து, "எனக்கு இவ்ளோ வேணும்"னு பேசியிருக்கானா?

தேடிப் பார்த்தா ஒரு வேடிக்கை. இந்தக் கதையோட முக்கியமான கட்டத்துல எல்லாம் கோல் அடிக்கற ஃபார்வர்டைவிட பின்னாடி நிக்கற தடுப்பாட்டக்காரன்தான், அதாவது நம்ம ஊர் பாஷையில ஃபுல்பேக்தான், நிறைய வர்றான். பதிவு கொஞ்சம் நீளம். டீ வாங்கி வச்சுட்டு உக்காருங்க.

வேலைதான் சம்பளம்

இந்திய ஹாக்கியில ரொம்ப காலம் ஒப்பந்தம்னு ஒண்ணு தனியா கிடையாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான் ஒப்பந்தம். தியான்சந்துக்கு ராணுவம். அவருக்கு அப்புறம் வந்தவங்களுக்கு ரயில்வே, போலீஸ், பேங்க், ஏர்லைன்ஸ். சென்னையிலயே எடுத்துக்கங்க: ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் பேங்க், ஐஓபி, கஸ்டம்ஸ், போலீஸ். எழும்பூர் மைதானத்துல ஆடின டீம்ல பாதி ஏதாவது ஒரு ஆபீஸோட பேர்லதான் ஆடும்.

இதுல பேரம் எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க பல்பீர் சிங் சீனியர் கதை ஒண்ணு போதும். 1940கள்ல பஞ்சாப் போலீஸ் டீமுக்கு அவர் வேணும்னு அங்க இருந்த வெள்ளைக்கார ஐ.ஜி. ஆசைப்பட்டார். பல்பீரோட அப்பா சுதந்திரப் போராட்ட வீரர். மகனுக்கு பிரிட்டிஷ் போலீஸ்ல சேர இஷ்டம் இல்லாம டெல்லிக்குப் போயிட்டார். போலீஸ் டெல்லிக்கே வந்து, கையில விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போச்சு. போலீஸ்ல சேர்ந்து ஹாக்கி ஆடு, இல்லன்னா உள்ள போ. சேர்ந்தார். அப்புறம் 1948, 1952, 1956னு மூணு ஒலிம்பிக் தங்கம். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. இதைவிட ஒருதலையான ஆஃபர் லெட்டரை நான் கேள்விப்பட்டதில்லை :-)

ஆனா கிண்டல் அடிச்சிட்டு இதைத் தாண்டிப் போயிட முடியாது. வேலைங்கறது சின்ன விஷயம் இல்ல. முட்டி போனாலும் சம்பளம் வரும், ஓய்வு பெற்றா பென்ஷன் வரும். அப்பா கூலி வேலைக்கோ காவல் வேலைக்கோ போற வீட்டுல இருந்து வர்ற பையனுக்கு, 35 வயசுக்கு மேலயும் அடுப்பு எரியும்ங்கற உத்தரவாதம் கோடி ரூபாய்க்குச் சமம். இன்னிக்கும் தமிழ்நாடு அரசு வேலைகள்ல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கறது அந்தப் பழைய ஏற்பாட்டோட தொடர்ச்சிதான். என்ன குறைன்னா, அந்த வேலையில உன் ஆட்டத்துக்குன்னு தனி விலை கிடையாது. நீ ஒலிம்பிக் ஃபுல்பேக்கா இருந்தாலும் கிளார்க்னா கிளார்க் சம்பளம்தான்.

படகுல போட்ட கையெழுத்து

இதே காலத்துல உலகத்தோட இன்னொரு மூலையில வேற ஹாக்கி. கனடாவும் அமெரிக்காவும் ஆடற ஐஸ் ஹாக்கி. பனிக்கட்டி மேல ஸ்கேட் கட்டிட்டு, பந்துக்குப் பதிலா தட்டை அடிக்கற ஆட்டம். அங்க பெரிய லீக்ல சம்பளத்துக்குத்தான் ஆட்டம். அதனால நல்லாப் பேரம் பேசியிருப்பாங்கன்னு நினைச்சா, அதுவும் இல்ல.

அப்ப அந்த லீக்ல மொத்தமே 6 அணிதான். சி ஃபார்ம்னு ஒரு காகிதம். அதுல பையன் கையெழுத்துப் போட்டா, 18 வயசு ஆகலைன்னா பெத்தவங்க போட்டா, அதோட சரி. அவன் ஆட்ட வாழ்க்கை முழுக்க அந்த ஒரு கிளப்புக்குச் சொந்தம். கேம்பஸ்ல வேலை குடுத்துட்டு ரெண்டு வருஷ பாண்டுல கையெழுத்து வாங்கற கம்பெனியே நமக்கு அநியாயமா தெரியுதுல்ல? இது ஆயுள் பாண்டு.

பாபி ஓர்னு ஒரு பையன். 1948ல பிறந்தவர். ஊர் பாரி சவுண்ட், கனடாவோட ஒன்டாரியோவுல ஒரு சின்ன ஊரு. 12 வயசுலயே பாஸ்டன் புரூயின்ஸ் அணியோட ஆளுங்க கண்ணுல பட்டுட்டார். 14 வயசுல கையெழுத்து. பதிலுக்குக் கொஞ்சம் பணம், வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை. ஆமாங்க, வீட்டுச் சுவருக்குப் பூச்சு. பின்னாளில் உலகத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்னு பேர் வாங்கின ஆளோட முதல் ஒப்பந்தத்துல அதுவும் ஒரு ஷரத்து.

1966ல 18 வயசு. பெரிய அணிக்கு ஆட நேரம் வந்தாச்சு. கிளப் குடுத்த முதல் ஆஃபர் வருஷத்துக்கு 7,000, 8,000 டாலர்னு வழக்கமா புதுப் பையனுக்குக் குடுக்கற சம்பளம். வழக்கமா அப்பா தலையாட்டுவார், பையன் கையெழுத்துப் போடுவான். ஓர் குடும்பம் அந்த இடத்துல ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வந்துச்சு. டொரன்டோவுல இருந்த ஆலன் ஈகிள்சன். வீரர்கள் சார்பா வேற ஒருத்தர் பேசறதே கிளப்புகளுக்குப் பிடிக்காத காலம். ஈகிள்சன் சொன்னார்: காசு பத்தலைன்னா பையன் உங்க கிளப்புக்கு ஆட மாட்டான், கனடா தேசிய அணிக்கு ஆடப் போயிடுவான்.

இந்த ஒரு வாக்கியத்துலதான் எல்லாம் இருக்கு. வேண்டாம்னு சொல்ல இன்னொரு இடம் இருந்துச்சு. கிளப் இறங்கி வந்துச்சு. கிளப் மேலாளரோட சொந்தப் படகுல வச்சுக் கையெழுத்து. தொகை முதல் ஆஃபரைவிடப் பல மடங்கு. லீக்ல பல வருஷமா ஆடிட்டு இருந்த மூத்த வீரர்கள் இதைக் கேட்டுட்டு, "ஒரு சின்னப் பையனுக்கு இவ்ளோன்னா நமக்கு?"னு கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம், 1967ல, வீரர்கள் சங்கம் உருவாச்சு. தலைமையில அதே ஈகிள்சன்.

இதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1957ல, டெட் லிண்ட்சேயும் மான்ட்ரியால் அணியின் டக் ஹார்வியும் சங்கம் ஆரம்பிக்கப் பார்த்திருந்தாங்க. ஹார்வியும் தடுப்பாட்டக்காரர்தான். கிளப்புகள் லிண்ட்சேயை அதே வருஷம் வேற அணிக்குத் தள்ளி விட்டுச்சு. ஹார்வியை 1961ல. ரெண்டு பெரிய நட்சத்திரங்களால முடியாததை 18 வயசுப் பையனோட ஒப்பந்தம் தொடங்கி வச்சுச்சு.

ஓர் ஆட்டத்தையே மாத்தினார். தடுப்பாட்டக்காரன்னா பின்னாடி நின்னு அடைக்கறவன்ங்கற எண்ணத்தை உடைச்சு, தட்டை எடுத்துட்டு முன்னாடி ஓடினார். ஒரு சீசன்ல மொத்த லீக்லயும் அதிகப் புள்ளி எடுக்கற விருதை ரெண்டு தடவை வாங்கினார். அதை வாங்கின ஒரே தடுப்பாட்டக்காரர் அவர்தான்.

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 1976ல ஓருடைய ஒப்பந்தம் முடிஞ்சப்ப பாஸ்டன் கிளப் அவருக்கு கிளப்லயே 18.5 சதவீதப் பங்கு தர முன்வந்துச்சு. ஈகிள்சன் அதை ஓர்கிட்ட சரியா சொல்லவே இல்ல. சிகாகோ ஆஃபர்தான் நல்லதுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனார். ஓருக்கு முட்டி ஏற்கெனவே போயிருந்துச்சு. 1978ல ஆட்டத்தை விட்டார், கையில காசும் பெருசா மிஞ்சல. 1998ல ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒத்துக்கிட்டு சிறைக்குப் போனார். மேசைக்கு இந்தப் பக்கம் உக்கார ஆள் வேணும். அந்த ஆளையும் ஒருத்தர் கண்காணிக்கணும்.

நம்ம ஊர்ல கேட்டவங்க

இப்ப இந்தியாவுக்குத் திரும்புவோம். இங்க யாருமே கேட்கலையான்னா, கேட்டாங்க.

1998 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டு. 32 வருஷத்துக்கு அப்புறம் இந்தியாவுக்கு ஹாக்கி தங்கம். கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனே பக்கம் கிர்க்கியில பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஜெயிச்ச கையோட, வீரர்களுக்குத் தர்ற காசு, வசதி பத்தி வெளிப்படையாப் பேசினார். அடுத்த டீம் அறிவிப்பு வந்தப்ப தன்ராஜ் உட்பட 7 மூத்த வீரர்கள் இல்ல. ஓய்வு குடுத்திருக்கோம்னு அதிகாரப்பூர்வ விளக்கம். வாயைத் திறந்ததுக்குத் தண்டனைன்னு ஊரே பேசிச்சு. மேல ஹார்வி, லிண்ட்சே பத்திப் படிச்சீங்கல்ல? அதே ஸ்கிரிப்ட், நடிகர்கள் மட்டும் வேற.

அடுத்தது 2010 ஜனவரி. டெல்லியில உலகக் கோப்பை ஆரம்பிக்க ரெண்டு மாசம்கூட இல்ல. புனேயில நடந்த பயிற்சி முகாம்ல மொத்த அணியும் பயிற்சிக்கு வர மாட்டோம்னு உக்காந்துடுச்சு. பாக்கி வர வேண்டிய காசு வரலைங்கறதுதான் காரணம். ராஜ்பால் சிங் கேப்டன். சில நாள் இழுபறிக்கு அப்புறம் ஆளுக்கு 1 லட்ச ரூபாய்னு முடிவாச்சு. கேட்டதைவிடக் கம்மிதான். ஆனா இந்திய ஹாக்கி வரலாற்றுல வீரர்கள் ஒரு அணியா நின்னு பேசி, எதிர்ப்பக்கம் இறங்கி வந்த ஒரு சம்பவம்னா எனக்கு இதுதான் முதல்ல ஞாபகம் வருது. அந்த உலகக் கோப்பையோட முதல் மேட்ச்ல பாகிஸ்தானை 4-1னு அடிச்சாங்க. அப்புறம் எட்டாவது இடத்துக்குப் போனது தனிக்கதை.

நிரந்தரமா ஒரு சங்கம், அதுக்கு ஒரு வக்கீல், எழுதி வச்ச விதிகள்னு அந்தப் போராட்டம் வளர்ந்திருந்தா அது நம்ம 1967 ஆகியிருக்கும். வளரல. 2012ல வேர்ல்ட் சீரீஸ் ஹாக்கின்னு ஒரு லீக் வந்துச்சு, சென்னை சீட்டாஸ்னு நமக்கும் ஒரு டீம். ஹாக்கி இந்தியா அதை அங்கீகரிக்கல. இங்க ஆடினா அங்க ஆட முடியாதோன்னு வீரர்களுக்குப் பயம். சீசன் முடிஞ்சதும் சம்பளம் முழுசா வரலைன்னு பல வீரர்கள் புகார் சொன்னாங்க. ரெண்டாவது சீசன் நடக்கவே இல்ல. ரெண்டு யானை சண்டையில மிதிபட்ட புல்லு மாதிரி ஆனது வீரர்கள்தான்.

ஏலம் வந்துச்சு

2012 டிசம்பர்ல ஹாக்கி இந்தியா லீகோட முதல் ஏலம். சர்தார் சிங் 78,000 டாலருக்குப் போனார். கர்நாடகாவோட ஃபுல்பேக் ரகுநாத் 76,000 டாலருக்குப் போனார். 2013ல இருந்து 2017 வரைக்கும் லீக் ஓடிச்சு, அப்புறம் ஏழு வருஷம் படுத்துடுச்சு. 2024 அக்டோபர்ல மறுபடி ஏலம். ஆண்கள்ல ஒவ்வொரு அணிக்கும் 4 கோடி ரூபாய் பட்ஜெட். அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம்னு மூணு படி.

அந்த ஏலத்துல ஆண்கள்ல அதிக விலை யாருக்கு? ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். அவர் தடுப்பாட்டக்காரர். பெண்கள்ல? உதிதா, 32 லட்சம். அவங்களும் தடுப்பாட்டக்காரர். நம்ம டிராகன்ஸ் அணி 48 லட்சம் குடுத்து எடுத்த அமித் ரோஹிதாஸும் தடுப்பாட்டக்காரர். அந்தக் காலத்து கிளார்க் சம்பள ஃபுல்பேக்குங்க இதைப் பார்த்தா மயங்கி விழுந்திருப்பாங்க.

பாதி காரணம் பெனால்டி கார்னர். அதுல டிராக் ஃபிளிக் அடிக்கறது பெரும்பாலும் ஃபுல்பேக்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல 10 கோல் அடிச்சு முதலிடத்துல இருந்தவர் ஹர்மன்பிரீத். ஓர் ஐஸ் மேல செஞ்சதை இவங்க டர்ஃப் மேல வேற வழியில செய்யறாங்க. அடைக்கறவனே அடிக்கறவனும் ஆனா விலை ஏறுது.

சரி, விலை ஏறிடுச்சுல்ல, இன்னும் என்ன பிரச்சனைன்னு கேட்டீங்கன்னா, பருத்திக் கதைக்குத் திரும்பணும். ஏலத்துல விலை ஏறினது அணிங்க ஒண்ணுக்கொண்ணு போட்டி போட்டதால. வீரர் உள்ள பேசினதால இல்ல. எந்த அணிங்கறது அவர் கையில கிடையாது. அடிபட்டா யார் பார்ப்பாங்க, லீக் நின்னு போச்சுன்னா பாக்கி என்ன ஆகும்ங்கற மாதிரி விஷயங்களை அந்தச் சுத்தியல் தீர்மானிக்காது. 78 லட்சம் ஆளுக்கு இதெல்லாம் சமாளிக்கலாம். 2 லட்சம் அடிப்படை விலையில பேர் குடுத்துட்டு, யாராவது கையைத் தூக்குவாங்களான்னு காத்திருக்கற 19 வயசுப் பையனுக்கு?

மேசை இருந்தா என்ன ஆகும்

மேசைன்னு ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்க, மறுபடி ஒரு தடவை பனிக்கட்டிப் பக்கம் போயிட்டு வந்துடலாம். அங்க இப்ப இருக்கற விதி நம்ம ஐடி ஆளுங்களுக்கு ஈஸியா புரியும். இளம் வீரரோட முதல் ஒப்பந்தத்துக்கு உச்சவரம்பு உண்டு, ஃப்ரெஷர் பேக்கேஜ் மாதிரி. அது முடிஞ்சதும் முழு சுதந்திரம் கிடையாது. வேற கிளப் அவருக்கு ஆஃபர் குடுக்கலாம். ஆனா பழைய கிளப் அதே தொகையைத் தர்றேன்னு சொல்லிப் பிடிச்சு வச்சுக்கலாம். நேரடிப் பேச்சு ஒத்து வரலைன்னா, தகுதி இருக்கறவங்க நடுவர்கிட்டயும் போகலாம். சமமான ஆட்டம் இல்ல. ஆனா காய் நகர்த்த வீரருக்கும் முறை வரும்.

2012 ஜூலையில நாஷ்வில் அணியோட தடுப்பாட்டக்காரர் ஷே வெபருக்கு பிலடெல்பியா 14 வருஷம், 11 கோடி டாலர்னு ஆஃபர் குடுத்துச்சு. நாஷ்வில் பல்லைக் கடிச்சுட்டு அதே தொகையைக் குடுத்து வச்சுக்கிச்சு. அதே சமயத்துல மான்ட்ரியால்ல பி.கே.சுப்பன்னு 23 வயசு தடுப்பாட்டக்காரர். பேரைப் பார்த்துட்டு நம்ம சுப்பன்னு நினைக்காதீங்க :-) கரீபியன் வழி வந்த டொரன்டோ பையன். நீண்ட ஒப்பந்தம் கேட்டார், கிளப் தரல. 2013 ஜனவரியில சீசன் ஆரம்பிச்ச பிறகும் வெளியில உக்காந்தார். சில மேட்ச் போச்சு. கடைசியில இறங்கி வந்து, 2 வருஷத்துக்கு 57.5 லட்சம் டாலர்னு கையெழுத்து. தோத்துட்டார்னு எல்லாரும் நினைச்சாங்க. அந்த சீசன் முடிவுல சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான். 2014 ஆகஸ்ட்ல நடுவர் முன்னாடி வரைக்கும் போய், 8 வருஷம், 7.2 கோடி டாலர்னு புது ஒப்பந்தம். முதல்லயே நீண்ட ஒப்பந்தம் குடுத்திருந்தா கிளப்புக்குக் கம்மியில முடிஞ்சிருக்கும்.

2016ல என்ன ஆச்சு தெரியுமா? சுப்பனையும் வெபரையும் ஒருத்தருக்கு ஒருத்தர்னு ரெண்டு கிளப்பும் மாத்திக்கிச்சு. காசு கேட்டு வாங்கலாம், ஆனாலும் எங்க ஆடறதுங்கறது முழுசா உன் கையில இல்ல. அங்கயும் அவ்ளோதான். ஆனா ஒப்பந்தம் அவரோடவே போச்சு. ஊர் மாறினாலும் எழுதின சம்பளம் எழுதினதுதான்.

அரியலூர்ல இருந்து பார்த்தா

இதையெல்லாம் ஒண்ணா வச்சுப் பார்த்தா எனக்குத் தோணறது இதுதான். விலங்குல ஆரம்பிச்சு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வழியா, நேரா ஏலத்துக்கு வந்துட்டோம். நடுவுல இருந்திருக்க வேண்டிய பேரம் பேசற மேசையைத் தாண்டிக் குதிச்சுட்டோம். தொகை கூடியிருக்கு, சந்தோஷம். குரல் கூடல.

கார்த்தி மாதிரி ஒரு பையன் மேல வந்த பிறகு, நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் இன்னும் சில பசங்க மட்டையை எடுப்பாங்க. அவங்களுக்கு டர்ஃப் வேணும், ஷூ வேணும், கோச் வேணும். அதைப் பத்தி எல்லாரும் பேசறோம். கூடவே இன்னொண்ணு வேணும். பையன் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்தைத் தமிழ்ல படிச்சு, அவங்க அப்பா அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்ற ஒரு ஆள். எத்தனை வருஷம், அடிபட்டா என்ன, காசு எத்தனை தவணை, வரலைன்னா யார்கிட்ட கேட்கறது. நாலே கேள்விதான். அந்த ஆள் தனி ஏஜென்ட்டா இருந்தா ஈகிள்சன் ஆகிடற ஆபத்து இருக்கு. வீரர்களே நடத்தற ஒரு சங்கமா இருந்தா அந்த ஆபத்து குறைவு, ஏன்னா கணக்கு கேட்க நிறைய பேர் இருப்பாங்க.

14 வயசுல பாபி ஓர் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வாங்கினப்ப அந்தக் குடும்பத்துக்கு அது பெருசா தெரிஞ்சிருக்கும். நம்ம பக்கத்துலயும் மழைக்கு ஒழுகற வீடுங்க இருக்கு. அந்த வீட்டு வாசல்ல நின்னு யாராவது ஒரு காகிதத்தை நீட்டினா, பேனாவைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு நாள் டைம் கேளுங்கன்னு சொல்ல ஒருத்தர் இருக்கணும்.

உங்க ஊர்ல ஹாக்கியோ கபடியோ ஆடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போனவங்க இருந்தா, அவங்க என்ன கையெழுத்துப் போட்டாங்க, என்ன கிடைச்சுதுன்னு கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் வேண்டாம், கதை போதும்.

டிஸ்கி: கார்த்தி ஃபார்வர்ட், ஃபுல்பேக் இல்ல. பின்னூட்டத்துல கிழிக்கக் காத்திருக்கற அன்பர்கள் கவனத்துக்கு :-)